மன்னம்பந்தல் பக்கம் ஊர் வளருது, தண்ணி எந்தப் பக்கம் போகும்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. பாதி படிச்சுட்டு கமெண்ட்டுல சண்டைக்கு மட்டும் வராதீங்க.

போன வாரம் ஒரு டிரோன் வீடியோ நம்ம குரூப் எல்லாத்துலயும் சுத்துச்சு, பார்த்திருப்பீங்க. மன்னம்பந்தல்ல மாவட்ட ஆட்சியர் அலுவலகம், முன்னாடி அகலமான ரோடு, சுத்திலும் பச்சை வயல், நடுநடுவே செம்மண் கொட்டி சதுரம் சதுரமாப் பிரிச்ச மனைகள். பின்னாடி ஒரு மாஸ் பிஜிஎம். கீழே வழக்கமான சண்டை. மாவட்டம் அறிவிச்சது எங்க ஆட்சின்னு ஒரு கோஷ்டி, கட்டிடம் கட்டித் திறந்தது எங்க ஆட்சின்னு இன்னொரு கோஷ்டி. நம்ம ஆட்களும் சும்மா இருக்கல, ரெண்டு பேரையும் வச்சு மீம் போட்டாங்க. அதுல ஒண்ணு நான் போட்டது. நல்லாவே ஷேர் போச்சு, எனக்கும் சந்தோஷம்தான்.

ராத்திரி அதே வீடியோவை நிறுத்தி நிறுத்தி மறுபடி பார்த்தேன். சிவில் படிச்ச புத்தி, கட்டிடத்தைப் பார்க்காம தரையைப் பார்க்கும். ஒரு இடத்துல வாய்க்கால் ஒண்ணு மேற்கேருந்து நேரா வருது. ஒரு லேஅவுட்டோட காம்பவுண்டு சுவர்ல வந்து முட்டுது. சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலைக் காணோம். செம்மண்ணும் மஞ்சக் கல்லும்தான் தெரியுது. வீடியோவுல மொத்தமே ஒரு விநாடி வர்ற காட்சி. அந்த ஒரு விநாடியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். நான் புதுநகரம் வரக்கூடாதுங்கற ஆள் இல்லை. நம்ம மாவட்டத்துக்காக எத்தனை வருஷம் கத்தியிருக்கோம்னு வயசான தோழர்களுக்குத் தெரியும். 1991ல தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரிச்சு நாகப்பட்டினத்தைத் தலைநகரா வச்சாங்க. அன்னிலேருந்து மாயவரத்துக்காரன் ஒரு மனு கொடுக்கணும்னா பொறையார் தாண்டி, காரைக்கால் தாண்டி, அதாவது ஒரு யூனியன் பிரதேச எல்லைக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்துதான் சொந்த கலெக்டரைப் பார்க்க முடியும். கொள்ளிடம் பக்கத்துலேருந்து போறவங்களுக்கு ஒரு நாள் கூலி முழுசாப் போயிடும். எங்க அப்பாயி முதியோர் உதவித்தொகைக்காக மூணு தடவை நாகைக்குப் போயிட்டு வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணாவது தடவை போனப்ப, சம்பந்தப்பட்ட அலுவலர் லீவு.

2020 மார்ச் 24ஆம் தேதி சட்டமன்றத்துல அறிவிப்பு வந்துச்சு. அந்த வருஷம் டிசம்பர் 28ல 38ஆவது மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சோம். 2024 மார்ச் 4ல மன்னம்பந்தல்ல புது ஆட்சியர் அலுவலகம் திறந்தாச்சு, 114 கோடிக்கு மேல செலவு. அறிவிச்சது ஒருத்தர், திறந்தது இன்னொருத்தர். ரெண்டுக்கும் நன்றி சொல்லிட்டு மேல பேசுவோம். கட்டிடத்துக்கு வெளிய என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருமே பேச மாட்டேங்கறாங்க. அதைப் பேசத்தான் நாம இருக்கோம்.

கலெக்டர் ஆபீஸ் ஒரு இடத்துக்குப் போனா ஊரும் பின்னாடியே போகும். திருவாரூர்ல 1997க்கு அப்புறம் விளமல் பக்கம் எப்படி மாறிச்சுன்னு பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. இங்கயும் அதேதான். முதல்ல ஜெராக்ஸ் கடை, அப்புறம் டீக்கடை, மனு எழுதறவர் ஒரு மேசையோட வருவார், பின்னாடியே வாடகை வீடு, மெஸ், ஸ்கூல் வேன். ஊருக்குள்ள இடம் இல்லைங்கறதும் உண்மை. பட்டமங்கலத் தெருவுல தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு ஆம்புலன்ஸ் நுழைய முடியுமா? மணிக்கூண்டைச் சுத்தி வர எவ்வளவு நேரம் ஆகுது? பாதாளச் சாக்கடை உடைஞ்சு ரோடு உள்வாங்கறது நமக்கு செய்தியே இல்லை, சீசன் மாதிரி ஆயிடுச்சு. அரசு மருத்துவக் கல்லூரி கேட்டுக்கிட்டே இருக்கோம், நாளைக்கே கிடைச்சாலும் ஊருக்குள்ள எங்க வைப்பாங்க? வெளியதான் போகணும். போகட்டும். ஊர் எப்படி வெளிய போகணுங்கறதுதான் கேள்வி.

திட்டமிட்ட புறநகர்னு சொன்னா என்ன? முதல்ல ஒரு வரைபடம் வரும். எது ரோடு, எது வடிகால், எது ஸ்கூல், எது குளம், எந்த வயலைத் தொடவே கூடாதுன்னு அதுல இருக்கும். அதுக்கு அப்புறம்தான் மனை. நம்ம பக்கம் நடக்கறது தலைகீழ். முதல்ல மனை. அதுக்கு மேல வீடு. அதுக்கு மேல தண்ணி. கடைசியா ஒரு ஆய்வுக் குழு.

இனிமே சொல்றது எங்க வீட்டுக் கதை. எந்த லேஅவுட், யார் போட்டதுன்னு சொல்ல மாட்டேன், கமெண்ட்டுல யூகிக்கவும் வேண்டாம். 2021ல எங்க அப்பா ரிட்டயர்டு பணத்தையும் ஒரு லோனையும் போட்டு கலெக்டர் ஆபீஸ் வரப்போற திசையில 1,200 சதுர அடி மனை வாங்கினார். அப்ரூவ்டு மனைதான். 30 அடி ரோடு, பார்க்குக்கு இடம், வாசல்ல ஆர்ச்சு. லேஅவுட்டை மூணடி மண் அடிச்சு உசத்தியிருந்தாங்க. 'எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது சார்'னு சொன்னாங்க. மூணடி மேடுன்னா நிக்காதுதான், பக்கத்து வயல்ல போய் நிக்கும்.

அந்தப் பக்கத்து வயல்ல எங்க சித்தப்பா குத்தகைக்கு சம்பா போட்டிருந்தார். ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். லேஅவுட் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒரு வடிவாய்க்கால் போச்சு, ஆறடி அகலம் ரெண்டடி ஆழம் இருக்கும். லேஅவுட்காரங்க அதை முழுசா மூடிடல. குறுக்க ஓரடி விட்டத்துல சிமெண்ட் குழாய் பதிச்சு மேல ரோடு போட்டாங்க. கேட்டா, 'வாய்க்காலுக்கு வழி விட்டிருக்கோமே'ன்னு பதில். பேப்பர்ல பார்த்தா அதுவும் சரிதான்.

2022 நவம்பர் 11ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீங்க. சீர்காழியில 24 மணி நேரத்துல 44 செ.மீ. மழை. 122 வருஷத்துல இல்லாத மழைன்னாங்க. சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களுக்கு ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சாங்க. எங்க பக்கம் அவ்வளவு பெய்யல. ஆனா சித்தப்பா வயல்ல தண்ணி 11 நாள் நின்னுச்சு. பயிர் அழுகி நாத்தம் எடுத்துச்சு. அதே வாரம் எங்க புது வீட்டுக்கு முன்னாடி ரோட்டுல முழங்கால் தண்ணி, செப்டிக் டேங்க் நிரம்பி பாத்ரூம்ல எதிர்த்து வந்துச்சு. சித்தப்பா எங்க அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: 'அண்ணே, நீ மனை வாங்குன, தண்ணிக்கு யாரு வாங்குனா?' அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ரெண்டு பேரும் பேசிக்கல. பொங்கலுக்கு எங்க அம்மா போய் கூப்பிட்டுத்தான் வந்தாங்க.

தப்பு ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. கணக்குலதான் தப்பு. படிச்ச படிப்புக்கு ஒரு தடவையாவது பயன் இருக்கட்டும்னு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர்ல 10 செ.மீ. மழை பெய்ஞ்சா சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணி. வயலா இருந்தா, வரப்பு அரையடி உயரம் இருந்தாக்கூட அந்தத் தண்ணி முழுசும் வயலுக்குள்ளயே கொஞ்ச நேரம் நிக்கும், மெதுவா வடியும். அதாவது நம்ம ஒவ்வொரு வயலும் ஒரு சின்னக் குளம். அதுல மூணடி மண் அடிச்சா அந்தக் குளம் தூர்ந்து போச்சுன்னு அர்த்தம். அங்க நின்ன 4 லட்சம் லிட்டரும் உடனே கீழ் வயலுக்கு ஓடும்.

இப்ப அந்தக் குழாய்க்கு வருவோம். பழைய வாய்க்கால்ல தண்ணி போன வழி 12 சதுர அடி. ஓரடிக் குழாயோட வாய் ஒரு சதுர அடி கூட இல்லை, முக்கால் சொச்சம். பதினஞ்சுல ஒரு பங்கு. நம்ம ஊர்ச் சரிவுக்கு விநாடிக்கு ரெண்டடி வேகத்துல தண்ணி ஓடும்னு வச்சாலும், விநாடிக்கு 44 லிட்டர்தான் அந்தக் குழாய் தள்ளும். மேல இருக்கற 100 ஏக்கரோட தண்ணி, 10 செ.மீ. மழைக்கு 4 கோடி லிட்டர், அந்தக் குழாய் வழியா போய்ச் சேர பத்து நாளைக்கு மேல ஆகும். சித்தப்பா வயல்ல தண்ணி நின்னது 11 நாள். குழாய்ல குப்பை அடைக்காம இருந்தாலே இந்தக் கணக்கு.

சீர்காழியில பெய்ஞ்ச 44 செ.மீ. நம்ம பக்கம் பெய்ஞ்சா? ஏக்கருக்கு ஏறக்குறைய 18 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில அள்ளணும்னா ஒரு ஏக்கருக்கு 148 லோடு.

மேட்டுப்பாங்கான ஊர்ல இது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. கோயம்புத்தூர்லயோ ஓசூர்லயோ தண்ணி தானா எங்கயாவது இறங்கி ஓடிடும். நாம இருக்கறது ஆத்தோட வால்ல. மேட்டூர்ல திறந்து, கல்லணையில பிரிஞ்சு, வாய்க்கால் வாய்க்காலா கிளைச்சு கடைசியா நம்மகிட்ட வருது. இங்கேருந்து கடல் 30 கிலோமீட்டருக்குள்ள. சரிவுன்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் இல்லை. மேல் வயலோட வடிகால்தான் கீழ் வயலோட பாசனம். ஒரே வாய்க்கால் ஜூன்ல தண்ணி கொண்டு வரும், நவம்பர்ல தண்ணி கொண்டு போகும். அதனாலதான் நம்ம தாத்தாக்கள் வாய்க்காலுக்கு வருஷா வருஷம் மண்வெட்டி தூக்கினாங்க. 'சி' வாய்க்கால், 'டி' வாய்க்கால்னு பொதுப்பணித் துறை நோட்டுல இருக்கறதெல்லாம் நம்ம மண்ணோட ரத்தக் குழாய். அதுல ஒண்ணை ஒரு லேஅவுட் மூடினா, பாதிப்பு அந்த லேஅவுட்டுக்குள்ள நிக்காது.

சரி, சட்டம் இல்லையா? இருக்கு. ஒவ்வொண்ணா பார்த்தா நல்லாத்தான் இருக்கு. 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கும், அப்ப எத்தனை கல்யாணம் தள்ளிப் போச்சு! அதுக்கப்புறம் வரன்முறை விதிகள் வந்துச்சு, ரெரா வந்துச்சு, 500 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா பதிவு பண்ணணும். திட்டப் பகுதிக்கு வெளிய நஞ்சையை மனையாக்கணும்னா வேளாண் துறையைக் கேட்கணும், கலெக்டர் ஒப்புதல் வேணும். பெரிய லேஅவுட்ல ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா ஒப்படைக்கணும். எல்லாம் சரி. ஆனா ஒவ்வொரு கோப்பும் தனித்தனியா போகுது, தனித்தனியா சரியா இருக்கு, தனித்தனியா கையெழுத்து ஆகுது. பத்து லேஅவுட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மொத்தத் தண்ணி எந்தப் பக்கம் போகும்னு பார்க்க எந்தக் கோப்புலயும் ஒரு பக்கம் கூட இல்லை.

'டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆச்சே தம்பி, எப்படி மனை போட முடியும்?'னு என்கிட்ட நம்ம தோழர்களே கேட்டிருக்காங்க. 2020 பிப்ரவரியில அந்தச் சட்டம் வந்துச்சு. கதிராமங்கலத்துலயும் நெடுவாசல்லயும் மக்கள் வாங்கின அடிக்குக் கிடைச்ச சட்டம் அது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். நாம தனி மாவட்டம் ஆன பிறகு 2023ல திருத்தம் கொண்டு வந்து மயிலாடுதுறை பேரையும் சேர்த்தாங்க. ஆனா அந்தச் சட்டத்தோட அட்டவணையை எடுத்துப் படிங்க. புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கக்கூடாது, மீத்தேன் கூடாது, இரும்பு, தாமிர, அலுமினிய உருக்காலை கூடாது, தோல் பதனிடுற ஆலை கூடாது, கப்பல் உடைக்கக்கூடாது. வீட்டு மனைங்கற வார்த்தையே அதுல கிடையாது. மீத்தேன் கிணறு வந்தா மறிக்கறதுக்கு நமக்கு ஒரு சட்டம் இருக்கு. ஜேசிபி ஒண்ணு வந்து வயலை மூடினா, அந்தச் சட்டம் வேடிக்கைதான் பார்க்கும். சந்தேகம் இருந்தா அட்டவணையை முழுசா போஸ்ட் பண்றேன், நீங்களே தேடிப் பாருங்க.

சென்னையைப் பார்த்துக் கத்துக்கணும்னு சொல்லுவாங்க. சரி, பார்ப்போம். தி.நகர் எங்க இருக்கு? மாம்பலத்துல இருந்த நீண்ட ஏரி மேல. 1920கள்ல நீதிக்கட்சி ஆட்சியில போட்ட திட்டமிட்ட புறநகர் அது. பனகல் பூங்காவை நடுவுல வச்சு அழகா வரைஞ்சாங்க, அவங்க காலத்துல அது பெரிய விஷயம்தான். முகப்பேர்ல வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புக்குப் பேரே 'ஏரித் திட்டம்'. மறைக்கக் கூட இல்லை! அப்பல்லாம் ஏரின்னா காலி இடம்னு நினைச்சாங்க. 2015 டிசம்பர்ல அந்தக் கணக்கை வேளச்சேரியும் முடிச்சூரும் வட்டியோட கட்டிச்சு. நாம 100 வருஷம் கழிச்சு ஆரம்பிக்கிறோம். அதே தப்பை முதல்லேருந்து பண்ணணும்னு என்ன வேண்டுதல்?

நமக்கு நெருக்கமான பாடம் சென்னையில இல்லை, ஆந்திராவுல இருக்கு. அமராவதி. அதுவும் நம்மள மாதிரி ஆத்தோரம், கிருஷ்ணா கரையில மூணு போகம் விளையற மண்ணும் அதுல இருந்துச்சு. 2015ல தலைநகருக்காக 29 கிராமங்கள்ல விவசாயிங்ககிட்ட நிலத்தைத் திரட்டினாங்க, 30,000 ஏக்கருக்கு மேல. பிடுங்கல, திரட்டினாங்க. ஏக்கர் கொடுத்தா 1,000 சதுர கஜம் வீட்டு மனை, கூடவே கடை மனை, பத்து வருஷத்துக்கு ஆண்டுத்தொகை. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு மாசம் 2,500 ரூபாய் உதவித்தொகை. இதைக் கவனிங்க, நம்ம ஊர்ல எந்த லேஅவுட்லயாவது கூலிக்காரங்களைப் பத்தி ஒரு வரி இருக்கா?

அப்படியெல்லாம் பண்ணியும் அங்க ரெண்டு விஷயம் நடந்துச்சு. கொண்டவீட்டி வாகுங்கற காட்டாறு அந்த இடத்துல ஓடுது. மழைக்காலத்துல வயலெல்லாம் நிரம்பிக்கிட்டு இருந்த ஆறு. நகரம் வரணும்னா அந்த வெள்ளத்தை விநாடிக்கு 5,000 கன அடி கணக்குல கிருஷ்ணாவுக்குப் பம்பு வச்சு இறைக்க 2018ல தனியா ஒரு நீரேற்று நிலையம் கட்ட வேண்டி வந்துச்சு. தலைமைச் செயலகம் முழுசா வர்றதுக்கு முன்னாடியே மோட்டார் வந்துடுச்சு. ரெண்டாவது, 2019ல ஆட்சி மாறினதும் மூணு தலைநகர்னு அறிவிச்சு வேலையை நிறுத்திட்டாங்க. நிலம் கொடுத்தவங்க வருஷக்கணக்கா ரோட்டுல உட்கார்ந்தாங்க. 2024ல மறுபடி ஆட்சி மாறினதுக்கு அப்புறம்தான் வேலை திரும்ப ஆரம்பிச்சுது. வரைபடம் கட்சிக்குச் சொந்தமா இருந்தா அதுதான் கதி. அதனாலதான் சொல்றேன், நம்ம புதுநகர் வரைபடம் அறிக்கையில வர்ற அறிவிப்பா இருக்கக் கூடாது, அரசிதழ்ல வர்ற திட்டமா இருக்கணும். அதுக்கு புதுசா சட்டம் கூட வேண்டாம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துலயே முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம்னு எல்லாத்துக்கும் இடம் இருக்கு. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். நம்ம தாலுகாவுல நிலம் யார் பேர்ல இருக்கு, யார் உழுவறாங்க? ஆதீனம், கோயில், டிரஸ்ட்டு, சென்னையில இருக்கற மிராசுதார் குடும்பம். உழுவறது குத்தகைக்காரர். நடவுக்கும் களையெடுப்புக்கும் வர்றது காலனித் தெரு அக்காக்கள். குத்தகை பதிவேட்டுல பேர் இருந்தா சட்டம் பாதுகாக்கும். 1955லேருந்தே அந்தச் சட்டம் இருக்கு. வாய் வார்த்தைக் குத்தகையா இருந்தா? எங்க சித்தப்பாவோடது வாய் வார்த்தைதான். நிலத்துக்காரர் மனைக்கு வித்துட்டா அன்னிக்கு ராத்திரியே அவர் விவசாயி இல்லை. நிவாரணப் பட்டியல்ல பேர் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, ஒண்ணும் இல்லை. நடவு அக்காக்களுக்கு அதுகூட இல்லை, விக்கறதுக்கு முன்னாடியே அவங்க எந்தக் காகிதத்துலயும் கிடையாது. ஊராட்சியை நகராட்சியோட சேர்த்தா 100 நாள் வேலையும் போகும். ஒரு மா நிலம் மனையாச்சுன்னா நாலு மனை வருதுன்னு கணக்குப் போடறோம். எத்தனை நாள் கூலி போச்சுன்னு யாரும் போடறதில்லை. புதுநகர் திட்டம்னு ஒண்ணு வந்தா, இவங்களுக்கு என்னங்கறது அதோட முதல் பக்கத்துல இருக்கணும். பின்னிணைப்புல இல்லை.

திட்டமிட்ட ஊர் நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. சிலப்பதிகாரத்துல வர்ற புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம்னு ரெண்டா பிரிஞ்சு, நடுவுல சந்தைக்குன்னே இடம் விட்டு இருக்கு. தரங்கம்பாடியில 1620ல வந்த டேனிஷ்காரங்க போட்ட தெருக்கள் இன்னிக்கும் நேரா இருக்கு. மாயூரநாதர் கோயிலைச் சுத்தி வீதி எப்படி இருக்கு, குளம் எங்க இருக்கு, தண்ணி எந்த வழியா வந்து எந்த வழியா போச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. அப்படியே பழங்காவிரி இப்ப எந்த நிலைமையில இருக்குன்னும் போய்ப் பாருங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க.

என்னதான் கேட்கறோம்? நான் ஒரு தொண்டன், பெரிய திட்ட அறிக்கை எழுதற அளவுக்கு ஆள் இல்லை. ஆனா இவ்வளவு கேட்கலாம். மன்னம்பந்தலைச் சுத்தி அடுத்த லேஅவுட்டுக்கு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்தப் பகுதி முழுசுக்கும் மட்டம் எடுத்து, எல்லா வாய்க்காலையும் குறிச்சு ஒரு வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். வாய்க்கால் குறுக்க பாலம் கட்டலாம், அளவு குறையக்கூடாது. ஆறடி வாய்க்கால்னா ஆறடிக்குத்தான் பாலம், ஓரடிக் குழாய் இல்லை. மூணடி மண் அடிக்கறவர் அந்தத் தண்ணிக்கு இடம் காட்டிட்டு அடிக்கட்டும்.

அந்த 10 சதவீத இடத்தைப் பத்தி எனக்கு ஒரு யோசனை. இப்ப ஒவ்வொரு லேஅவுட்லயும் மூலையில ஒரு துண்டு இடம் பார்க்குன்னு விடறாங்க. அதுல ஒரு சறுக்குமரம், நாலு ஆடு, மிச்சம் கருவை. அஞ்சு ஏக்கர் லேஅவுட் பத்து பக்கத்துல பக்கத்துல வந்தா, ரோடு போக எல்லாத்தோட 10 சதவீதத்தையும் தாழ்வான ஒரே இடத்துல சேர்த்தா சுமார் மூன்றரை ஏக்கர் வரும். அதுல ஆறரை அடி ஆழத்துக்கு ஒரு குளம் வெட்டினா ஏறக்குறைய 2.8 கோடி லிட்டர் தாங்கும். கரையில நடைபாதை போட்டா அதுவே பார்க். குளத்தங்கரையில வாக்கிங் போனா யாருக்கும் கௌரவம் குறையாது. இப்போதைய விதிப்படி இதைச் செய்ய முடியலன்னா விதியை மாத்தட்டும், அதுக்குத்தானே சட்டமன்றம்?

இப்ப நம்ம வீட்டுக்குள்ளயும் பேசணும். நம்ம கட்சியிலயும் மனை வியாபாரம் பண்ற அண்ணன்கள் இருக்காங்க. கிளைக் கூட்டத்துக்கு ஷாமியானாவும் பிரியாணியும் அவங்க புண்ணியம்தான். இந்தப் பதிவைப் போடறதுக்கு முன்னாடி பொறுப்புல இருக்கற அண்ணன் ஒருத்தர்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. 'போடு தம்பி. பேர் மட்டும் சொல்லாத. ஆனா அந்தக் குழாய் விஷயத்தைச் சின்னதாக்கிடாத'ன்னார். அவருக்கும் ஒரு லேஅவுட் இருக்கு. அடுத்த நாள் காலையில ஆளை அனுப்பி அவரோட குறுக்குக் குழாய் எத்தனை அடின்னு அளந்து பார்த்ததா கேள்விப்பட்டேன். எத்தனை அடின்னு நான் கேட்டுக்கல.

அதனால தோழர்களே, மீம் போடறதைக் கொஞ்சம் நிறுத்தி வச்சுட்டு ஒரு வேலை பண்ணுவோம். உங்க ஊர் சர்வே எண்ணைப் போட்டா புலப்பட வரைபடம், அந்த எஃப்எம்பி, அரசு இணையதளத்துலயே கிடைக்கும். அ-பதிவேட்டுல வாய்க்கால் புறம்போக்குன்னு எழுதியிருக்கற எண்ணைக் குறிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேராப் போய் அந்த வாய்க்கால் இப்ப இருக்கான்னு பாருங்க. இருந்தா அகலத்தை அளங்க. குழாய் இருந்தா விட்டத்தை அளங்க. லொகேஷனோட போட்டோ எடுங்க. யார் கூடவும் சண்டை வேண்டாம், வீட்டுக்காரங்களைக் குத்தம் சொல்ல வேண்டாம், அவங்களும் எங்க அப்பா மாதிரி கடன் வாங்கி வந்தவங்கதான்.

மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. நகராட்சிப் பகுதியா இருந்தா ஏரியா சபை. எது முதல்ல வருதோ அதுல, உங்க ஊர் வாய்க்கால்களோட பேரையும் அளவையும் எழுதி, 'இந்த அளவு குறையக்கூடாது'ன்னு ஒரு தீர்மானம். ஒரு பக்கம் போதும். மாதிரித் தீர்மானமும் அளவுப் படிவமும் முதல் கமெண்ட்ல இருக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி நூறு வாய்க்கால் அளந்துட்டோம்னா, அந்தப் பட்டியலோட கலெக்டர் ஆபீஸ் போவோம். இப்பத்தான் பக்கத்துலயே இருக்கே.

எங்க ஊர்க் கணக்கை நான் முதல்ல போட்டுடறேன்: பழைய அகலம் ஆறடி, இப்ப ஓரடிக் குழாய், சித்தப்பா வயலுக்கு மேற்கே. அடுத்தது உங்களோடது.

தொழில்நுட்பப் பிரிவுத் தொண்டன், மயிலாடுதுறை மாவட்டம்

#வாய்க்காலை_அளப்போம் #வரைபடம்_முதல்ல #மயிலாடுதுறை